தேர்க்கட்டை தாங்கிய கதவு

என் மகன் கதவுக்கு அடியில் கிடந்தான். நான் கதவுக்கு வெளியே மண்டி போட்டிருந்தேன். அந்த இரும்புக் கதவை ஒரே ஒரு கம்பி பிடித்துக்கொண்டிருந்தது. சாக்குத் தைக்கிற சணல் எவ்வளவு மொத்தமோ அவ்வளவுதான் அந்தக் கம்பியும். அதுவும் இழை இழையாக அறுந்துகொண்டிருந்தது. ஒரு இழை அறும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. மறுபடி ‘டிக்’. அந்தச் சத்தத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

நம் முத்துமாரியைக் கும்பிடுகிற எல்லோருக்கும் ஜீவனஹள்ளி ராஜம்மா சொல்லிக்கொள்கிறேன். கோவில் மலரில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்குத் தெரியும். இன்னொருத்தர் எழுதித் தர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இது நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி காலையில்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நான் லாண்ட்ரியில் வேலை செய்து, என் ஒரே மகன் வேலுவை வளர்த்தேன். அவன் கார் மெக்கானிக். எங்கள் தெருவிலேயே ஒரு ஷெட் போட்டுக் கொடுத்தேன். யாரிடமும் கை நீட்டவில்லை. மனிதரிடம் மட்டும் இல்லை, அம்மனிடம்கூட நான் எதுவும் கேட்டது கிடையாது. கோவிலுக்குப் போவேன், மாலை சாத்துவேன், கூழ் ஊற்றுவேன், வந்துவிடுவேன். கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம்.

அந்த ஷெட்டின் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற ஷெட்டுகளில் எல்லாம் சுருட்டி ஏற்றுகிற ரோலிங் ஷட்டர்தான். எங்கள் கதவு அப்படி இல்லை. ஏதோ ஒரு கம்பெனியை மூடியபோது பழைய இரும்புக்கு வந்ததை வேலு சிவாஜிநகரில் பார்த்து வாங்கி வந்தான். பலகை பலகையாக இரும்பு. தூக்கினால் இரண்டு பக்கத் தடத்திலும் ஏறி, தலைக்கு மேலே போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே நீளமாக ஒரு ஸ்ப்ரிங். அதன் இரண்டு முனையிலும் இரண்டு உருளை. ஒவ்வொரு உருளையிலிருந்தும் ஒரு கம்பி இறங்கி வந்து கதவின் அடி மூலையில் மாட்டியிருக்கும். ஸ்ப்ரிங் கம்பியை இழுக்கும், கம்பி கதவை இழுக்கும். அதனால்தான் அவ்வளவு கனமான கதவு ஒரு கையால் தூக்கினாலும் எழுந்து வரும்.

எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிற பசவண்ணாவுக்கு அந்தக் கதவு மேல் கண். “ராஜம்மா, உன் கதவு தூங்கறப்ப மல்லாக்கப் படுக்குது, நம்ம ஷட்டரு சுருண்டு படுக்குது. பணக்காரன் ஏழை வித்தியாசம் பாத்தியா?” என்பார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

பெருமையான பொருளை நாம் எப்படி வைத்துக்கொள்வோம்? ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஷெட் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். கதவுக்கும் குடம் குடமாக ஊற்றுவோம். அப்புறம் சந்தனம், குங்குமம். கதவின் அடியில் கம்பி மாட்டியிருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் சாமந்திச் சரத்தைச் சுற்றிக் கட்டுவோம். அந்தச் சரம் காய்ந்து உதிரும் வரைக்கும் அவிழ்க்க மாட்டோம். சாமிக்குப் போட்டதைக் கழற்றக் கூடாது என்று வைத்திருந்தோம். வருஷா வருஷம் இப்படித்தான்.

அந்த வருஷம் என் மருமகள் செல்வி சரம் கட்டும்போது கையை உதறினாள். விரலில் ரத்தம்.

“அத்தே, கம்பியில முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு. குத்திடுச்சு.”

“மஞ்சள் வெச்சுக்கோ. சரத்தை இன்னும் ரெண்டு சுத்து சுத்து, அது மறைஞ்சிடும்” என்றேன்.

அந்த முள் குத்தியதுதான் அம்மன் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை. எனக்குக் காது கேட்கவில்லை.

பூஜை நன்றாக நடந்தது. ஜாக்கி, ஸ்பானர், கடப்பாரை என்று இருக்கிற சாமான் எல்லாவற்றையும் அம்மன் படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்தோம். பூசணிக்காய் உடைத்தோம். கதவை இறக்கிப் பூட்டினோம். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக் கூடாது.

மறுநாள் காலை பூ மாற்றிச் சாமானை எடுக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். செல்வி கையில் தட்டு. வேலு பூட்டைத் திறந்து கதவைத் தூக்கினான். அது இடுப்பு உயரம் வந்ததும், எப்போதும் போலக் குனிந்து உள்ளே நுழைந்தான். முழுதாகத் திறக்கும் வரை நிற்கிற பொறுமை அவனுக்கு இல்லை.

பட்டாசு வெடித்தது என்றுதான் நினைத்தேன். இடது பக்கத்துக் கம்பி அடியில் அறுந்து சாட்டை மாதிரி மேலே பறந்தது. கதவின் இடது மூலை அப்படியே இறங்கியது. வேலு கத்தினான். அந்த மாதிரிக் கத்தலை அவன் பிறந்த பிறகு நான் கேட்டதில்லை.

புழுதி அடங்கியதும் பார்த்தேன். கதவு கோணலாகத் தொங்குகிறது. இடது மூலை அவன் தொடை மேல். கால் வெளியே, உடம்பு கதவுக்கு அடியில். விழும்போது குறுக்கே விழுந்திருக்கிறான். மார்பும் தலையும் வலது பக்கம், கதவு இன்னும் முழங்கால் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற இடத்துக்கு நேர் கீழே. அந்தப் பக்கத்தை வலது கம்பி ஒன்றுதான் பிடித்திருக்கிறது. அது அறுந்தால் அத்தனை இரும்பும் அவன் நெஞ்சில்.

கால் மாட்டியிருப்பதால் அவனை இழுக்க முடியாது. கதவு தொங்குவதால் உள்ளே போக முடியாது.

தெருவே ஓடி வந்தது. நாலைந்து ஆண்கள் இடது மூலையைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். கதவு ஒரு குலுக்குக் குலுங்கியது. மேலே ஸ்ப்ரிங் ‘உர்ர்’ என்றது. வலது பக்கம் ஒரு விரல் அளவு கீழே இறங்கியது. அப்போதுதான் அந்த முதல் ‘டிக்’.

“பேடா! பேடா! வேண்டாம், யாரும் கை வெக்காதீங்க!” என்று பசவண்ணா அலறினார். எல்லோரும் கையை எடுத்துவிட்டார்கள்.

நான் தவழ்ந்து போய்க் கம்பியின் அடியைப் பார்த்தேன். செல்வி கட்டிய சரம் விலகியிருந்தது. அதற்குள்ளே கம்பி கம்பியாகவே இல்லை. சிவந்த துரு. இழைகள் துடைப்பக்குச்சி மாதிரி விரிந்து நின்றன. இடது பக்கம் எப்படி அறுந்ததோ அதே போல இதுவும் அறுந்துகொண்டிருந்தது.

“ஜாக்கி கொண்டாங்கப்பா!” என்று ஒருவர் கத்தினார்.

ஜாக்கி எல்லாம் உள்ளே இருந்தது. பொட்டு வைத்து, பூ வைத்து, படத்துக்கு முன்னால். எனக்கே கண்ணில் தெரிந்தது. கை நீட்டினால் எட்டாது. விஜயதசமி, மற்ற ஷெட்டுகள் எதுவும் திறக்கவில்லை. ஒருவர் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஃபயர் ஆபீஸுக்குப் போன் பண்ணப் போனார். இன்னொருவர், கம்பியை வெட்டிவிட்டால் கதவு ஒரே பக்கமாகச் சாயும் என்றார். அவர் மேல் நான் பாய்ந்துவிட்டேன். நல்லவேளை, அவர் கையில் வெட்ட ஒன்றும் இல்லை.

நான் வலது பக்கம் தரையில் கன்னத்தை வைத்துக் குனிந்தேன். அவன் முகம் தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது.

“அம்மா, கிட்ட வராத. விழுந்துடும்.”

“விழாது. நீ மூச்சை மெதுவா விடு.”

“டிக்குன்னு கேக்குதும்மா.”

“அது கெடியாரம்டா” என்றேன். என்ன சொல்வது? வாயில் வந்தது அதுதான்.

அவன் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டான். “செல்விய பாத்துக்கோம்மா” என்றான்.

நான் சொன்னேனே, கேட்டுப் பழக்கம் இல்லாதவள் என்று. அன்றைக்கு அந்த மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். “தாயே, கதவைத் தூக்கச் சொல்லவில்லை. அந்தக் கம்பியை மட்டும் பிடித்துக்கொள். மனிதர் யாராவது வரும் வரைக்கும் பிடித்துக்கொள். என்னால் முடியவில்லை. எனக்கு யாரும் இல்லை. நீ வா.”

அவ்வளவுதான் கேட்டேன். எந்த வேண்டுதலும் பேசவில்லை. பேச நேரம் இல்லை. ‘நீ வா, நீ வா’ என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ‘டிக்’ கேட்டது. ‘நீ வா’ என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி சொன்னேன்.

அப்போது மேளச் சத்தம் கேட்டது.

நம் அம்மன் தேர் விஜயதசமி காலையில் பெரிய ரோடு வழியாகத்தான் போகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் தெருவுக்குள் ஒரு நாளும் வந்தது இல்லை. தெரு குறுகல், கரண்ட் கம்பிகள் தாழ்வு. நான்தான் தட்டை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போவேன். சத்தம் கிட்டே வருவதைக் கேட்டு எனக்குப் பயம்தான் அதிகமானது. மேளத்தின் அதிர்வில் தரை நடுங்குமே, மிச்சம் இருக்கிற நாலு இழையும் போய்விடுமே என்று.

தெரு முனையில் முதலில் தெரிந்தது கவைக்கம்புகள். தேருக்கு முன்னால் கரண்ட் கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற நீள மூங்கில்கள். அதற்குப் பின்னால் தேர்க் கலசம். எங்கள் தெருவுக்குள் திரும்புகிறது! பெரிய ரோட்டில் குழாய் போடக் குறுக்கே வெட்டி வைத்திருந்தார்களாம். சக்கரம் இறங்கிவிடும் என்று கமிட்டிக்காரர்கள் அன்று காலையில்தான் வழியை மாற்றியிருக்கிறார்கள்.

செல்வி தட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். “மேளத்த நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தேருக்கு முன்னால் நின்றாள். மேளம் நின்றது. தெருவில் ஒரு ஈ பறக்கிற சத்தம் இல்லை. அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. ‘டிக்.’

தேருக்குக் கட்டை போடுகிற ஏழுமலையை உங்களுக்குத் தெரியும். சக்கரம் ஓடாமல் இருக்க அதன் முன்னால் முட்டுக்கட்டை வைப்பது அவன் வேலை. ஆப்பு மாதிரிச் செதுக்கிய பெரிய மரக்கட்டை. ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது என்று அதற்கு ஆள் உயரத்துக்குக் கைப்பிடி இருக்கும். அவன் கட்டையோடு முன்னால் வந்தான். ஒரு தடவை பார்த்தான்.

“அக்கா, நீ எழுந்து இந்தப் பக்கம் வா.”

“நான் வரமாட்டேன்.”

“வாக்கா. நீ அங்க இருந்தா நான் ரெண்டு பேரக் காப்பாத்தணும். எனக்குக் கட்டை ரெண்டுதான் இருக்கு.”

எழுந்தேன். அவன் கதவுக்கு அடியில் ஒரு விரலைக்கூட நீட்டவில்லை. தூரத்தில் நின்றபடி, நீளக் கைப்பிடியைப் பிடித்து, கட்டையை வேலுவின் தோளுக்குப் பக்கத்தில் தள்ளினான். பூப் போட்ட மாதிரி மெதுவாக. அதன் மேல் இரண்டாவது கட்டையை ஏற்றினான். கதவுக்கும் கட்டைக்கும் நடுவே உள்ளங்கை அளவு இடைவெளி. கவைக்கம்பு வைத்திருந்தவர்கள் கம்பைக் கதவின் நடுப் பலகைக்கு முட்டுக் கொடுத்து நின்றார்கள். தேரை அசைக்கிற நெம்புக் கட்டையை இடது மூலைக்கு அடியில் கொடுத்து, ஏழெட்டுப் பேர் அதன் மறுமுனையில் உட்கார்ந்தார்கள்.

“இழு!” என்றான் ஏழுமலை.

மூலை எழுந்தது. வேலுவின் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவன் கத்திக்கொண்டே வெளியே வந்தான். தலை வெளியே வந்ததோ இல்லையோ, அந்தக் கம்பி அறுந்தது.

மேலே ஸ்ப்ரிங் சுழன்ற சத்தம் ஷெட் இடிந்த மாதிரி இருந்தது. உருளையிலிருந்து கம்பி சுவரில் போய் அடித்துச் சுண்ணாம்பைப் பெயர்த்தது. கதவு இறங்கி, தேர்க்கட்டை மேல் ‘டம்’ என்று உட்கார்ந்தது. கட்டை முனகியது. நகரவில்லை. அந்தக் கட்டைக்குப் பக்கத்தில்தான் என் பிள்ளையின் நெஞ்சு இருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். தேர் என் வாசலில் நின்றிருந்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்றேன், வந்துவிட்டாள்.

ஃபயர் வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. அவர்கள் மேல் குற்றம் இல்லை, அவர்களுக்கும் ரோடு வெட்டியிருந்தது. வேலுவுக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தார்கள். இன்றைக்கும் குளிர் காலத்தில் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பான். நடக்கிறானே.

கதவைக் குப்பையில் போடச் சொன்னேன். வேலு கேட்கவில்லை. படுக்கையில் இருந்தபடியே, “நானே மாட்டிடுவேம்மா. ஸ்க்ரூடிரைவர் விட்டு ஸ்ப்ரிங்கைத் திருப்பினாப் போதும்” என்றான். இந்த வேலையே செய்கிற ஆள் வந்தால் பார்க்கலாம், நீ தொட்டால் நான் சோறு தின்ன மாட்டேன் என்றேன். விசாரித்து, பொம்மனஹள்ளியில் கம்பெனிகளுக்கு இதே மாதிரிக் கதவு மாட்டுகிற சாதிக் பாயை வரவழைத்தோம். வேலு கட்டிலை ஷெட் வாசலுக்கு எதிரே போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாதிக் பாய் அறுந்த கம்பியின் நுனியைக் கையுறை போட்டு எடுத்துப் பார்த்தார்.

“மேல எல்லாம் புதுசு மாதிரி இருக்கு. அடியில மட்டும் இப்படி. யாரும்மா இதுக்குக் குளிப்பாட்டி விட்டது?”

“நாங்கதான். வருஷத்துக்கு ஒரு தபா.”

“குளிப்பாட்டினா தலை துவட்ட வேண்டாமா?”

“பூச்சரம் கட்டினோம் பாய்.”

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, “சரத்துக்குள்ள ஈரம் நின்னுபோச்சும்மா. அதான் தின்னுடுச்சு” என்றார்.

அவர் வேலை செய்ததை நான் தூரத்தில் நின்று பார்த்தேன். கதவை முழுதாகத் தரையில் இறக்கி, நகராதபடி தடத்தில் இடுக்கி போட்டுக் கட்டினார். ஒரு கம்பி கொஞ்சம் நன்றாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், அதே மொத்தம், அதே நீளம் என்றார். அடி மூலையில் மாட்டி, இரண்டு உருளையிலும் ஒரே அளவு இறுக்கமாகச் சுற்றினார். அதன் பிறகுதான் ஸ்ப்ரிங். அதற்கென்றே இருக்கிற கெட்டியான இரும்புத் தண்டு இரண்டு. ஒன்றைத் துளையில் விட்டுக் கால் சுற்றுத் திருப்புவார். இரண்டாவதை அடுத்த துளையில் விட்டுப் பிடித்த பிறகுதான் முதல் தண்டை எடுப்பார். ஒரு நிமிஷமும் துளை காலியாக இல்லை. தண்டுக்கு நேராக முகத்தை வைக்கவில்லை, ஒதுங்கியே நின்றார். ஒவ்வொரு திருப்புக்கும் ஸ்ப்ரிங் முறுகுகிற சத்தம் கேட்கும்போது நான் அம்மனை ஒரு தடவை கூப்பிட்டேன்.

கட்டிலில் இருந்த வேலு ஸ்க்ரூடிரைவர் பேச்சை அன்றோடு விட்டான்.

முடிந்ததும் கதவைத் தூக்கி இறக்கிக் காட்டினார். சத்தமே இல்லை. எனக்கு மட்டும் ‘டிக்’ என்று கேட்டது. ரொம்ப நாள் கேட்டது. ராத்திரி தண்ணீர் சொட்டினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

இப்போது எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜைக்குத் தண்ணீர் ஊற்றுவது இல்லை. காய்ந்த துணியால் துடைக்கிறோம். பழைய பருத்தித் துணியைக் கம்பி மேல் மெதுவாக ஓட்டிப் பார்க்கிறோம். எங்காவது நூல் மாட்டினால் அன்றைக்குக் கதவைத் தொட மாட்டோம், சாதிக் பாய்க்குத்தான் ஆள் போகும். சரத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுகிறோம். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. கதவு முழுதாக மேலே போய்ப் படுக்கும் வரைக்கும் யாரும் உள்ளே நுழைவது இல்லை. வேலு இப்போது நிற்கிறான்.

தேருக்குப் புதுக் கட்டை இரண்டு தச்சரிடம் சொல்லிச் செய்து கொடுத்தேன். பழையதைக் கமிட்டியில் கேட்டேன். “தழும்பு விழுந்த கட்டை உனக்கு எதுக்கு ராஜம்மா?” என்றார்கள். எனக்குத்தான் தெரியும் எதற்கென்று. அது ஷெட்டில் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவின் விளிம்பு பதிந்த கோடு அதில் ஆழமாக இருக்கிறது. வந்து பார்க்கலாம். விரலை வைத்தால் உள்ளே போகும்.

மறுவருஷம் ரோடு சரியாகிவிட்டது. ஆனாலும் தேர் எங்கள் தெரு வழியாகத்தான் வந்தது. வருஷா வருஷம் வருகிறது. என் வாசலில் நிற்கும்போது ஏழுமலை கட்டையைப் போட்டுவிட்டு, “வந்துட்டாக்கா” என்பான். வேலு சாய்ந்து சாய்ந்து நடந்து போய்த் தேங்காய் உடைப்பான். நான் இப்போதெல்லாம் அவளிடம் கேட்கிறேன். சின்னதும் கேட்கிறேன், பெரியதும் கேட்கிறேன். வெட்கம் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் யார் நெஞ்சிலாவது இன்றைக்கு ஒரு ‘டிக்’ கேட்டுக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியும். மண்ணில் முகத்தை வைத்துக் கூப்பிடுங்கள். நீ வா என்று மட்டும் சொல்லுங்கள். அவள் எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டாம். ரோட்டை வெட்டியாவது வருவாள்.